ஸ்டிக்கரும் சிரிப்பும்: உயர்நிலை 2 வகுப்பொன்றில் தப்பெண்ணத்தை எதிர்கொள்ளப் பழக்கிய முறை குறித்த நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரின் வட்டாரப் பள்ளி ஒன்றின் உயர்நிலை 2 வகுப்பை மையமாகக் கொண்ட இந்த ஆய்வு, ஆசிரியர் பயிற்சிக்கென எழுதப்படும் மாதிரி நிகழ்வுகளின் வழக்கப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளில் காணப்படும் கூறுகளை ஒரே வகுப்புக்குள் கொண்டுவந்து எழுதப்பட்டது. ஆகவே இதில் வரும் மாணவர்களை எந்தப் பள்ளியிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால், இவர்களைப் போன்றவர்கள் ஒருவர்கூட இல்லாத பள்ளியைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

வகுப்பின் கணக்கு

2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு, இந்தியர்கள் 9 விழுக்காடு. இதை நாற்பது பேர் கொண்ட ஒரு வகுப்பறைக்குள் பொருத்திப் பார்த்தால், இந்திய மாணவர்கள் மூன்று அல்லது நான்கு பேர்தான் இருப்பார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய குடியிருப்புப் பேட்டைகளில் 1989இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவிவதைத் தடுத்ததால், வட்டாரப் பள்ளிகளிலும் இந்த விகிதம் ஏறத்தாழ அப்படியே எதிரொலிக்கிறது. நாம் ஆராயும் வகுப்பிலும் இந்திய மாணவர்கள் நால்வர். அவர்களில் மூவர் தமிழ் படிப்பவர்கள், ஒருவர் இந்தி படிப்பவர்.

இந்தக் கணக்கிலிருந்து ஒரு விளைவு பிறக்கிறது. அதை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஓர் இந்திய மாணவன் பிற இனத்தவரோடு பேசாமல், பழகாமல், அவர்களுடைய வழக்கங்களைத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பள்ளி நாளைக் கடத்தவே முடியாது. பெரும்பான்மையைச் சேர்ந்த மாணவனோ, இந்திய மாணவன் ஒருவனிடம் ஒரு சொல்கூடப் பேசாமல் ஒரு தவணையையே கடத்திவிடலாம். ஒருவருக்குக் கட்டாயமாக இருக்கும் பழக்கம் மற்றவருக்கு விருப்பத் தெரிவாக இருக்கிறது. பல்லினச் சமுதாயத்தில் ஒன்றாகப் படிப்பதாலேயே பிள்ளைகள் ஒருவரையொருவர் புரிந்துகொண்டுவிடுவார்கள் என்று நம்புவோர் இந்த ஏற்றத்தாழ்வைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த வகுப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024இல் உயர்நிலை 1இல் சேர்ந்த மாணவர்கள் தொட்டு தேர்ச்சி நிலைக்கேற்ப மாணவர்களை மேலிருந்து கீழாகப் பிரித்த எக்ஸ்பிரஸ், நார்மல் அக்கடமிக், நார்மல் டெக்னிக்கல் என்ற பிரிவுகள் நீக்கப்பட்டு, முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாடு வந்துவிட்டது. வெவ்வேறு கற்றல் வேகம் கொண்ட மாணவர்கள் ஒரே வகுப்பாசிரியரின்கீழ் அமர்கிறார்கள். ஏட்டில் பிரிவுகள் மறைந்தாலும் "அவன் டெக்னிக்கல் கேஸ்" என்ற பேச்சு சிற்றுண்டிச்சாலையிலிருந்து இன்னும் மறையவில்லை. தப்பெண்ணம் இனத்தை மட்டுமே பற்றிக்கொண்டு வளர்வதில்லை என்பதற்கு இது போதுமான சான்று.

நிகழ்ந்தது

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒளி பற்றிய பாடம். சோதனைக்காக விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. அந்த அரையிருளில் ஒரு சீன மாணவன் தன் நெருங்கிய நண்பனான தமிழ் மாணவனைக் கைப்பேசியில் படமெடுத்தான். பற்களும் கண்களும் மட்டும் தெரிந்த அந்தப் படத்துக்கு "லைட் போடுங்க" என்ற பொருளில் ஒரு வரியைச் சேர்த்துக் கொடுத்தவன் ஒரு மலாய் மாணவன். அன்று மாலைக்குள் அது வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக வலம்வந்தது. மூவரும் பள்ளிக் காற்பந்து அணியில் ஒன்றாக ஆடுபவர்கள்.

கேலிக்குள்ளான மாணவன் கோபப்படவில்லை. தானும் அந்த ஸ்டிக்கரைச் சேமித்துவைத்துக்கொண்டு, யாராவது பேச்சில் தோற்றுப்போகும்போதெல்லாம் அவனே அதை அனுப்பினான். குழுவில் இருந்த முப்பதுக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் சிரிப்புக் குறியிட்டார்கள். சிலர் பேசாமல் இருந்தார்கள். வேண்டாம் என்று ஒருவரும் எழுதவில்லை.

சில வாரங்கள் கழித்து விஷயம் வெளியே வந்தது. வந்த வழியே கவனிக்கத்தக்கது. அதே வகுப்பில் படிக்கும் ஒரு தமிழ் மாணவி, வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ போகவில்லை. தமிழ்ப் பாடம் முடிந்தபின், மற்ற பிள்ளைகள் கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, தமிழாசிரியையிடம் சொன்னாள். திட்டப்பணிக் குழுவில் அவளையும் அந்த ஸ்டிக்கரின் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அவள் முகம் சுளித்தபோது, "அவனே சிரிக்கிறான், உனக்கென்ன?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"அவன் சிரிச்சுட்டான்னு என்னையும் சிரிக்கச் சொல்றாங்க டீச்சர்" என்பதுதான் அவள் வைத்த முறையீடு.

நம் பள்ளிகளில் தமிழாசிரியர்களுக்கு இது பழகிய அனுபவம். பல பள்ளிகளில் ஒருவரோ இருவரோதான் தமிழாசிரியர்கள். இந்திய மாணவர்கள் பலருக்குப் பள்ளியில் தங்கள் வீட்டைப் பற்றி விளக்கம் சொல்லாமலே பேசக்கூடிய பெரியவர் அவர்தான். முறையீடுகள் அவரிடம் வந்து சேர்வது இயல்பு. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு: வகுப்பறையில் எழுந்த பிரச்சினை தமிழாசிரியரின் மேசைக்கு வந்ததும் அது "தமிழ்ப் பிள்ளைகளின் பிரச்சினை" ஆகிவிடுகிறது. ஸ்டிக்கரைச் செய்தவர்களும் அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள். இந்த நிகழ்வில் ஆசிரியை செய்த முதல் நல்ல காரியம், மாணவியின் ஒப்புதலோடு அதை வகுப்பாசிரியரிடம் கொண்டுபோனதும், பின்னர் தொடர்ந்த எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்தே செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியதும்தான்.

முதல் நடவடிக்கையும் அது போதாமல் போனதும்

பள்ளியின் ஒழுங்குமுறைப்படி விரைவாகவே நடவடிக்கை எடுக்கப்பட்டது. படமெடுத்தவனும் வரி எழுதியவனும் மன்னிப்புக் கடிதம் எழுதினார்கள். பெற்றோருக்குத் தொலைபேசி போனது. வகுப்பு முழுவதற்கும் ஓர் அறிவுரை நேரம் ஒதுக்கப்பட்டது. அதில் சட்டமும் பேசப்பட்டது. 1990இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும், 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டமும் சுட்டிக்காட்டப்பட்டன. மாணவர்கள் பவ்யமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஸ்டிக்கர் வகுப்புக் குழுவிலிருந்து அன்றே மறைந்தது.

இரண்டு வாரங்களுக்குள் அது வேறொரு குழுவில், இந்திய மாணவர்கள் நால்வரும் இல்லாத குழுவில், மீண்டும் தலைகாட்டியது. தண்டனையால் மாணவர்கள் கற்றுக்கொண்டது எங்கே சிரிக்கக் கூடாது என்பதைத்தான். எதற்காகச் சிரிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு எட்டவே இல்லை.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுவது ஆசிரியர்களுக்குக் கைவந்த வழி. சட்டம் தேவையில்லை என்றும் யாரும் சொல்ல முடியாது. ஆனால், சட்டத்தின் பெயரால் நடந்தவற்றையே சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. 2005இல் இணையத்தில் மலாய்க்காரர்களை இழிவுபடுத்தி எழுதியதற்காகத் தேச நிந்தனைச் சட்டத்தின்கீழ் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர் 17 வயது இளைஞர். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்து, மலாய்ச் சமூகத்தினரிடையே சமூக சேவை செய்யுமாறு உத்தரவிட்டது. புதிய சட்டத்திலும், குற்றம் புரிந்தவர் பாதிக்கப்பட்ட சமூகத்தோடு உறவைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் முயற்சியில் ஈடுபட வழி வைக்கப்பட்டிருக்கிறது. சட்டமே பழக்கத்தின் பக்கம் சாயும்போது, பள்ளி மட்டும் மன்னிப்புக் கடிதத்தோடு நின்றுவிடுவது பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஜூலை 21

அறிவுரை நேரத்தில் ஒரு மாணவன் கேட்ட கேள்வி இரு ஆசிரியர்களையும் யோசிக்க வைத்தது. "இதனால் கலவரமா வரப்போகிறது?" என்பதே அவன் கேள்வி. அதில் குறும்பு இல்லை; பள்ளி அவனுக்கு எதைக் கற்பித்ததோ அதைத்தான் அவன் திருப்பிக் கேட்டான்.

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் 1990களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஜூலை 21 இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1964இல் அதே நாளில், நபிகள் நாயகத்தின் பிறந்தநாளை முன்னிட்டுப் பாடாங்கிலிருந்து கேலாங்கை நோக்கிச் சென்ற ஊர்வலத்தின்போது கைகலப்பு மூண்டு, மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையிலான கலவரமாகப் பரவியது. 23 பேர் உயிரிழந்தார்கள், 454 பேர் காயமுற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் வெடித்த கலவரத்தில் மேலும் 13 பேர் மாண்டார்கள். இந்த எண்களைப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அந்த நாளில் பாரம்பரிய உடையணிந்து வந்து, ஒருவருக்கொருவர் பலகாரம் பரிமாறி, பல்லாங்குழியும் சப்தேயும் ஆடிவிட்டுப் போகிறார்கள்.

இதன் விளைவாக மாணவர் மனத்தில் இரண்டு படங்கள் மட்டுமே பதிகின்றன: ஒன்று ஊரடங்கு, மற்றொன்று திருவிழா. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அன்றாடம் அந்தப் படத்தில் இல்லை. கலவரத்தை அளவுகோலாக வைத்தால் ஒரு ஸ்டிக்கர் ஒன்றுமே இல்லைதான். புடவையும் பாஜு கூரோங்கும் செங்சாமும் அணிந்து படமெடுத்துக்கொள்வதை நான் குறைசொல்ல வரவில்லை. அதில் பிள்ளைகளுக்கு உண்மையான மகிழ்ச்சி இருக்கிறது. ஆனால், முறுக்கு தின்னத் தெரிந்தவனுக்கு, முறுக்கு கொண்டுவந்தவளைக் கேலி செய்யும்போது என்ன பேசுவது என்று தெரிவதில்லை.

1964ஐக் கற்பிப்பதிலேயே இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. அந்தக் கலவர நாள்களில் அண்டைவீட்டாரைத் தம் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காத்த சீனர்களும் மலாய்க்காரர்களும் இருந்தார்கள். வாய்மொழி வரலாறுகளில் இத்தகைய நினைவுகள் நிறையவே பதிவாகியுள்ளன. அமைதி திரும்ப வட்டாரந்தோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. ஆசிரியை இந்தப் பக்கத்தைத் திறந்தார். எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவைத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டவர் அந்த நிமிடத்தில் எதையெல்லாம் பணயம் வைத்தார், தெருவில் இருந்தவர்கள் அவரைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள் என்று கேட்டார். தன் இனத்தவரின் கோபத்துக்கு ஆளாகும் துணிச்சல் என்ற ஒன்று இருப்பதை மாணவர்கள் பேசத் தொடங்கியது அப்போதுதான்.

தமிழ் வகுப்புக்குள்

தொடக்கப்பள்ளியில் குணநலன், குடியியல் கல்வியின் ஒரு பகுதி தாய்மொழிப் பாட நேரத்திலேயே கற்பிக்கப்படுகிறது. பண்பாட்டோடு சேர்த்து நன்னெறியைக் கற்பிக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் பிற இனத்தவரை மதிக்க வேண்டும் என்ற பாடத்தை, பிற இனத்தவர் ஒருவர்கூட இல்லாத அறையில் நடத்த வேண்டியிருக்கிறது என்ற முரணும் அதில் உண்டு. அந்த அறையில் பிள்ளைகள் சரியான விடைகளைத்தான் சொல்வார்கள். சொல்லிப் பார்க்க எதிரில் ஆள் இருக்க மாட்டார்.

இந்த நிகழ்வில் தமிழ் வகுப்பு வேறொரு விதத்தில் பயன்பட்டது. ஸ்டிக்கரைப் பற்றி அங்கே பேச்செடுத்தபோது மாணவர்கள் ஆவேசமாகப் பேசினார்கள். தொடக்கப்பள்ளியிலிருந்து தாங்கள் கேட்ட வசவுகளை வரிசையாகச் சொன்னார்கள். 'கெலிங்' என்றும் 'அப்பு நேநே' என்றும் அழைக்கப்படாதவர் அந்த அறையில் ஒருவரும் இல்லை. தேங்காயெண்ணெய் வாசனை, பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே போவது என்று பட்டியல் நீண்டது. அதே பாடவேளையில், தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து அவ்வாண்டுதான் பள்ளியில் சேர்ந்திருந்த ஒரு மாணவன் எழுந்து தன் கருத்தை ஆங்கிலம் கலந்து சொன்னான். பின்வரிசையிலிருந்து அவனுடைய உச்சரிப்பை அப்படியே நடித்துக்காட்டி ஒருவன் சிரிப்பு மூட்டினான். நடித்தவன் வேறு யாருமில்லை, ஸ்டிக்கரில் இருந்தவன்தான்.

ஆசிரியை அவனைக் கண்டிக்கவில்லை. இப்போது என்ன நடந்தது என்று மட்டும் வகுப்பைக் கேட்டார்.

"அது வேற டீச்சர். நாங்கல்லாம் ஒரே ஆளுங்க, சும்மா விளையாட்டுக்கு" என்றான் அவன்.

அறிவியல் கூடத்தில் படமெடுத்த சீன மாணவன் மன்னிப்புக் கடிதத்தில் எழுதியிருந்ததும் ஏறக்குறைய இதே காரணம்: நாங்கள் நண்பர்கள், விளையாட்டுக்குச் செய்தோம். ஆசிரியை அந்தக் கடிதத்தை வகுப்பில் படிக்கவில்லை. படித்திருந்தால் அது அவமானப்படுத்துவதாகியிருக்கும். 'விளையாட்டுக்கு' என்ற காரணத்தை யார் சொல்கிறார்கள், யார் அதை ஏற்க வேண்டியிருக்கிறது என்று பலகையில் இரண்டு பத்தி போட்டு எழுதச் சொன்னார். ஊர்க்காரன் என்று புதியவர்களைக் கேலி செய்வது, கட்டுமானத் தளத்தில் உழைக்கும் பங்களாதேஷ் ஊழியர்களைக் காட்டி "படிக்கலேன்னா இப்படித்தான்" என்று வீட்டில் சொல்வது, கறுப்பு நிறத்தைக் குறையாகப் பேசும் அத்தைகளின் கல்யாணப் பேச்சு என்று முதல் பத்தியில் தமிழர்கள் அடிக்கடி வந்தார்கள்.

இந்த ஆய்வின் மையம் இதுதான் என்று கருதுகிறேன். தப்பெண்ணத்தை எதிர்க்கும் பயிற்சியைப் 'பாதிக்கப்பட்டோர்', 'பாதிப்பவர்' என்று வகுப்பை இரண்டாகப் பிரித்துத் தொடங்கினால், ஒரு பக்கம் தற்காப்பில் இறங்கும். மறுபக்கம் தன்னைச் சோதித்துப் பார்க்காது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாள் சிரித்தவராகவும், ஏதோ ஒரு நாள் சிரிக்கப்பட்டவராகவும், பெரும்பாலான நாள்களில் பார்த்துக்கொண்டு நின்றவராகவும் இருந்திருக்கிறார்கள். இப்படிச் சொல்வதால் எல்லாக் கேலியும் ஒரே எடை என்றாகிவிடாது. ஒன்பது விழுக்காட்டினரைப் பார்த்து எழும் சிரிப்புக்கும் எழுபத்து நான்கு விழுக்காட்டினரைப் பார்த்து எழும் சிரிப்புக்கும் எடை வேறு. புதிதாக வந்த பையன் அந்த ஒன்பதுக்குள்ளும் ஒடுங்கியிருப்பவன். பயிற்சியைப் பார்த்துக்கொண்டு நின்றவரிடமிருந்து தொடங்கலாம் என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

பத்து விநாடி

கனடாவின் டொரோண்டோவில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்களில் நேரடியாகப் பதிவு செய்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. பகடிவதை நடந்த தருணங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் சகமாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் யாராவது தலையிட்டது 19 விழுக்காட்டுத் தருணங்களில் மட்டுமே. ஆனால் தலையிட்டபோது, அந்தத் தலையீடுகளில் 57 விழுக்காடு பத்து விநாடிக்குள் பகடிவதையை நிறுத்திவிட்டன. ஆசிரியர் வந்து சேர்வதற்கு முன்பே முடிந்துவிடும் அந்தப் பத்து விநாடியைத்தான் நம் பாடத்திட்டங்கள் காலியாக விட்டுவைக்கின்றன.

மாணவர்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்று வகுப்பாசிரியர் பெயரில்லாத துண்டுத்தாள்களில் எழுதச் சொன்னபோது, ஸ்டிக்கர் தவறில்லை என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. பலரும் எழுதியது வேறு: என்ன சொல்வது என்று தெரியவில்லை, நான் மட்டும் பெரிய ஆள் மாதிரி ஆகிவிடுவேன், அவனே சிரிக்கும்போது நான் எப்படிச் சொல்வது. ஆக, இல்லாமல் போனது நல்லெண்ணமல்ல, வாய்க்கு வரும் ஒரு வாக்கியம்.

இதே வகுப்பு அந்த உண்மையை இன்னொரு விதத்திலும் காட்டியது. வகுப்பில் மதியிறுக்கம் (ஆட்டிசம்) உள்ள மாணவர் ஒருவர் இருந்தார். வேறு வகுப்புப் பிள்ளைகள் அவருடைய கையசைவைக் கேலி செய்தபோது, ஸ்டிக்கருக்குச் சிரித்த அதே மாணவர்கள் தயங்காமல் குறுக்கே போய் நின்றார்கள். தொடக்கப்பள்ளியில் அவரோடு படித்தவர்கள் சிலர். அங்கே அவருக்குத் துணையாக இருக்கும் முறை கற்றுக்கொடுக்கப்பட்டிருந்தது. அவர் பதற்றமடைந்தால் என்ன செய்ய வேண்டும், கேலி செய்பவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகியிருந்தது. பழகியதைச் செய்தார்கள்.

எனவே இரு ஆசிரியர்களும் வாக்கியங்களைப் பழக்க முடிவு செய்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1968இல் ஜேன் எலியட் என்ற ஆசிரியை கண்ணின் நிறத்தை வைத்து மாணவர்களை இரு பிரிவாக்கி நடத்திய பிரபலமான பயிற்சியை ஓர் இளம் ஆசிரியர் பரிந்துரைத்தார். அது கைவிடப்பட்டது, அது சரியான முடிவு. பிள்ளைகளின் ஒப்புதல் இல்லாமல் அவர்களை அவமானத்துக்குள் தள்ளிப் பாடம் கற்பிப்பதற்குப் பள்ளிக்கு உரிமை உண்டா என்பது ஒருபுறமிருக்க, ஏற்கெனவே அந்த அவமானத்தைத் தினமும் அறிந்த நால்வருக்கு அதில் கற்க என்ன இருக்கிறது?

அதற்குப் பதிலாக அவர்கள் எடுத்துக்கொண்டது, பிரேசில் நாட்டின் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு முறை. ஒரு சிறு காட்சி நடிக்கப்படும், மோசமாக முடியும், மீண்டும் அதே காட்சி தொடங்கும்போது, பார்வையாளர் யாராவது 'நிறுத்து' என்று சொல்லி, மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு வேறுவிதமாக நடந்துகொள்ள முயலலாம். இந்த முறைக்குச் சிங்கப்பூரில் ஒரு தனிக் கதை உண்டு. 1994இலிருந்து சுமார் பத்தாண்டுகளுக்கு மன்ற அரங்குக்கு அரசாங்க நிதி மறுக்கப்பட்டது. எழுதி முடித்த பிரதியில்லாமல் பார்வையாளர் எதையும் பேசலாம் என்பதே அன்றைய கவலை. இன்று அது பள்ளி மண்டபங்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது.

காட்சியில் ஸ்டிக்கர் வரவில்லை. உணவங்காடி நிலையத்தில் நான்கு நண்பர்கள்; ஒருவன் வாங்கிவந்த உணவின் வாசனையைப் பற்றி மற்றொருவன் கேலி பேசுகிறான்; மூன்றாமவன் சிரிக்கிறான்; நான்காமவன் கைப்பேசியைப் பார்க்கிறான். முதலில் மேடையேறிய மாணவர்கள் எல்லாரும் நீண்ட சொற்பொழிவு ஆற்றினார்கள். "நாம் பல்லினச் சமுதாயம்" என்று ஒரு மாணவி தொடங்கியதும் வகுப்பே சிரித்தது. கேலி பேசியவனாக நடித்தவன், பிரசங்கத்தைக் கேட்டபின் தன் பாத்திரத்துக்கு இன்னும் கேலி செய்யவே தோன்றியது என்றான். அதன்பின் வாக்கியங்கள் சுருங்கத் தொடங்கின. "என்ன சொல்ல வர்றே?" என்று உண்மையாகவே புரியாதவன்போலக் கேட்டது ஒன்று, கேலியை விளக்கச் சொன்னதும் அது தானே சரிந்துவிழுவதை எல்லாரும் பார்த்தார்கள். "நாட் ஃபன்னி லா" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனது மற்றொன்று. ஒரு மலாய் மாணவி எதுவுமே சொல்லாமல், கேலிக்குள்ளானவனின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். அதுதான் அன்று கைதட்டல் வாங்கியது.

எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது சிரிக்காமல் இருப்பது. சொல் எதுவும் தேவைப்படாத செயல் அது. ஆனாலும் மூன்றாமவனாக நடித்தவர்களில் பெரும்பாலோர் தம்மையறியாமலே சிரித்துவிட்டார்கள். ஆகவே அதைத் தனியாகப் பழக்கினார்கள். நேரே எதிர்த்துப் பேசுவது பாதுகாப்பில்லை என்று தோன்றினால், பிறகு தனியாகப் போய் "அது சரியில்ல, நீ ஓகேயா?" என்று கேட்பதும் ஒரு தலையீடுதான் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். சிறுபான்மை மாணவர் எதிர்த்துப் பேசும்போது அவருக்கு 'எல்லாத்துக்கும் கோவிச்சுக்கிறவன்' என்ற பட்டம் கிடைக்கிறது. அதே வாக்கியத்தைப் பெரும்பான்மை மாணவர் சொன்னால் அந்தப் பட்டம் கிடைப்பதில்லை. இதை ஒரே காட்சியை ஆள் மாற்றி நடித்துப் பார்த்து மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

குழுப்பணியின் இலக்கணம்

உளவியலறிஞர் கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே சொன்னது: வெவ்வேறு குழுவினர் கலந்து பழகினால் தப்பெண்ணம் குறையும், ஆனால் சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, மேலிடத்தின் ஆதரவு ஆகியவை இருந்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். பின்னாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த பெட்டிக்ரூ, டிராப் இருவரும் பழக்கம் பொதுவாகப் பயன் தருவதை உறுதிசெய்தார்கள். சிறுபான்மையினரிடம் அதன் விளைவு வலுக்குறைவாக இருப்பதையும் கண்டார்கள். நம் வகுப்பின் கணக்கை நினைத்தால் இது வியப்பளிக்காது.

இந்த வகுப்பின் திட்டப்பணிகளில் சம அந்தஸ்து என்பது இல்லை. இந்திய மாணவர்களுக்கு எப்போதும் வகுப்பின்முன் பேசிப் படைக்கும் பகுதியே ஒதுக்கப்பட்டது: "நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே." பாராட்டுப் போல் ஒலிக்கும் இந்த வாக்கியமும் தப்பெண்ணம்தான், அது கூச்ச சுபாவமுள்ள தமிழ் மாணவியை மேடையில் நிறுத்தியது, கணக்கில் வல்லவளான அவளை விரிதாளின் பக்கமே விடவில்லை. குழுவில் சீனமொழி பேசுவோர் மூவர் இருந்தால் முடிவுகள் சீனமொழியில் எடுக்கப்பட்டு, பிறகு மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் அறிவிக்கப்பட்டன. அதில் கெட்ட நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

வகுப்பாசிரியர் இங்கே கையாண்டது ஜிக்சா முறை. 1971இல் டெக்சஸின் ஆஸ்டின் நகரில், இனப்பிரிவினை நீங்கிய பள்ளிகளில் மூண்ட பகைமையைத் தணிக்க எலியட் ஆரன்சன் வகுத்தது அது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டை மட்டும் கொடுத்துவிட்டால், மற்றவர் பேசுவதைக் கேட்காமல் யாரும் தேர்வெழுத முடியாது. துண்டுகள் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டதால் 'நீங்கதான் நல்லாப் பேசுவீங்களே' என்பதற்கும் இடமில்லாமல் போனது. பிரிவுகள் இருந்த காலத்தில் ஒரே அறையில் அமர்ந்திருக்கவே மாட்டாத மாணவர்கள் ஒருவரையொருவர் சார்ந்திருக்க நேர்ந்ததும் இதில்தான்.

ஆசிரியர் அறையும் வீடும்

பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது மாணவர்களே ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார்கள். வகுப்பின் இரண்டு தமிழ் மாணவிகளை ஓர் ஆசிரியர் ஆண்டு முழுதும் பெயர் மாற்றியே கூப்பிட்டார். பதிவேட்டில் தந்தை பெயர் இறுதியில் இருப்பதால், அதைக் குடும்பப் பெயரென்று எண்ணி, ஸ்டிக்கரில் இருந்த மாணவனை அவனுடைய அப்பா பெயரால் அழைத்தார் இன்னொருவர்; வகுப்பு ஒவ்வொரு முறையும் சிரித்தது. பெரியவர்கள் இதைக் குறையாகவே எண்ணியிருக்கவில்லை. மேலிடத்தின் ஆதரவு என்று ஆல்போர்ட் சொன்னது முதல்வரின் உரையை மட்டும் குறிப்பதாகாது. பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வதற்கு ஆசிரியர்களுக்கென ஒரு சிறிய பயிலரங்கு நடந்தது, நடத்தியவர்கள் மாணவர்கள்.

பெற்றோர் சந்திப்பில் கிடைத்த பதில்கள் எதிர்பார்த்தவைதாம். கேலிக்குள்ளான மாணவனின் தந்தை, "எங்க காலத்துல இதைவிட மோசமாச் சொல்லுவாங்க டீச்சர், காதுலயே போட்டுக்க மாட்டோம், நேஷனல் சர்வீஸ் போனா இதெல்லாம் தாங்கணுமே" என்றார். அவர் மகனைக் காக்கும் வழியென்று நம்பியதை அவர் சொன்னார். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆசிரியை அவரோடு வாதாடவில்லை. மகன் தாங்கிக்கொள்வதைப் பார்த்து அடுத்திருக்கும் மாணவியும் தாங்கிக்கொள்ள வேண்டியதாகிறது என்பதை மட்டும் சொன்னார். அந்த மாணவியின் தாயாரோ, மகள் புகார் சொன்னதே வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஆண்டிறுதியில்

அடுத்த இரு தவணைகளில் வகுப்புக் குழுவில் இனத்தைத் தொட்ட கேலிகள் குறைந்தன. வந்தவற்றுக்கு யாராவது ஒருவர் 'நாட் ஃபன்னி லா' என்று எழுதுவது ஒரு வகை வழக்கமாகி, ஒரு கட்டத்தில் அதுவே கேலிச்சொல்லாகவும் திரிந்தது. அதைத் தோல்வியென்று நான் கருதவில்லை. பதின்ம வயதினர் எதையும் அப்படித்தான் தமதாக்கிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் நடந்து 2016இல் வெளியான ஆய்வும், சகமாணவர் பலரும் உற்றுநோக்கும் மாணவர்கள் சிலர் வெளிப்படையாக நிலைப்பாடு எடுக்கும்போது பள்ளியில் சச்சரவுகள் கணிசமாகக் குறைவதைக் காட்டியது. இந்த வகுப்பில் அந்த இடத்தில் இருந்தவன் படமெடுத்த சீன மாணவனே. காற்பந்து அணியில் மூத்த மாணவன் ஒருவன் பழைய ஸ்டிக்கரைத் தோண்டியெடுத்து அனுப்பியபோது, வேண்டாமென்று எழுதியவன் அவன். மூத்தவன் அவனைக் குழுவிலிருந்து நீக்கினான். பயிற்சியாசிரியர் தலையிட்ட பிறகுதான் மீண்டும் சேர்த்தார்கள்.

ஸ்டிக்கரில் இருந்த மாணவன் தனக்கு அது ஒருபோதும் வலிக்கவில்லை என்றே கடைசிவரை சொன்னான். அவனை வேறுவிதமாகச் சொல்லவைக்க யாரும் முயலவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த மாணவனோடு அவன் இப்போது ஒரே திட்டப்பணிக் குழுவில் இருக்கிறான். உச்சரிப்பை நடித்துக்காட்டுவதை முழுவதுமாக நிறுத்திவிட்டான் என்று சொல்ல முடியாது.

தீராமல் நிற்பவை இரண்டு. இணைப்பாட நடவடிக்கைகளில் வெவ்வேறு வயதினர் கலந்திருப்பதால், ஒரு வகுப்பில் பழகிய வாக்கியம் அங்கே மூத்தவர்முன் எடுபடுவதில்லை. அணித்தலைவர்களுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. மேலும், இந்த முயற்சி இரு ஆசிரியர்களின் தோளில் நின்றது. அவர்களில் ஒருவர் இடமாற்றம் பெற்றால் நின்றுபோகும். ஆகவே அடுத்த ஆண்டில் பயிற்சியை உயர்நிலை 1இன் இரண்டாம் தவணைக்கு முன்னுக்குக் கொண்டுவரவும், மன்ற அரங்குக் காட்சிகளைத் தமிழ், மலாய், சீன மொழி ஆசிரியர்கள் மூவரும் சேர்ந்து எழுதவும், மூன்று தாய்மொழி வகுப்புகளையும் ஒரே மண்டபத்தில் ஒன்றாக உட்காரவைத்து நடத்தவும் பள்ளி இசைந்திருக்கிறது. பாடவேளை அட்டவணையில் அதற்கான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இப்போதைய வேலை.